கலந்துரையாடல் தளத்தில் விளம்பரம் போட்டுத் தருகிறோம் என்று 186,000 ரூபாவை எடுத்துவிட்டார்கள் – நம் ஊர்ச் சிறு வியாபாரிகள் கவனம்

நேற்றுப் பின்னேரம் மட்டக்களப்பு டவுனிலிருந்து வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தேன். இரவு முழுக்க நித்திரை இல்லை. கோபம் ஆறினால் "சரி, போகட்டும்" என்று நானே விட்டுவிடுவேன், அவர்கள் அடுத்த ஆளைப் பிடிப்பார்கள். அதனால்தான் விடியுமுன் எழுதுகிறேன். போனது 186,000 ரூபா. அதில் 90,000 சீட்டுக் காசு, மிச்சம் என் காப்பை அடகு வைத்து எடுத்தது.

நான் களுவாஞ்சிகுடி. மருதமுனைக் கைத்தறிச் சாறியும் சாரமும் எடுத்து வெளிநாட்டில் இருக்கும் நம் ஆட்களுக்கு அனுப்புகிறேன். நெய்து தருபவர் மருதமுனையில் ஒரு அண்ணன், நான் காக்கா என்றுதான் கூப்பிடுவேன். சுனாமியில் தறியும் நூலும் எல்லாம் போய், திரும்பவும் ஒன்றிலிருந்து தொடங்கியவர். மாதம் பத்துப் பன்னிரண்டு பார்சல் போகும். வாங்குவது எல்லாம் தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள். அந்த வட்டத்தைத் தாண்டினால் காக்காவுக்கு இன்னொரு தறியும் ஓடும் என்ற ஆசையில்தான் விளம்பரத்தைத் தேடிப் போனேன்.

டவுனில் டிஜிட்டல் மார்க்கெட்டிங் செய்து தரும் ஒரு இடம். பேர் எழுதவில்லை, முறைப்பாடு கொடுக்கப் போவதால். ஏசி அறை, கண்ணாடிக் கதவு. இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு தம்பி லெப்டொப்பைத் திறந்து, ஆட்கள் ஒவ்வொரு விஷயத்துக்கும் தனித்தனிக் குழு வைத்துக் கேள்வி பதில் நடத்தும் ஒரு பெரிய வெளிநாட்டுக் கலந்துரையாடல் தளத்தைக் காட்டினான். அதில் சாறி உடுத்துகிறவர்களுக்கென்றே ஒரு குழு. டொரொன்டோவில் இருக்கும் ஒரு பெண் கேட்டிருந்தாள்: பாரமில்லாத பருத்திக் கைத்தறிச் சாறி எங்கே வாங்கலாம், மில் சாறி வேண்டாம் என்று. கீழே வரிசையாகப் பதில்கள்.

"அக்கா, இவங்க காசக் கையில வெச்சிட்டு நிக்கிறாங்க. உங்கட சாறிய இவங்கட கண்ணில காட்டுறதுதான் எங்கட வேலை" என்றான்.

நான் பையில் ஒரு சாறி கொண்டு போயிருந்தேன். அவன் அதைத் தொடுமுன் கையைத் துடைத்துக்கொண்டான். பிறகு கரையை விரலால் தடவிப் பார்த்து, "எங்கட உம்மம்மாவும் நெய்தவங்கதான்" என்றான். அந்த இடத்தில் விழுந்தேன். அதற்குப் பிறகு நான் கேட்க வேண்டியது ஒன்றையும் கேட்கவில்லை. விளம்பரத்துக்கு 500 டொலர், டொலர் 300 ரூபாக் கணக்கில் 150,000. அவர்கள் கூலி 36,000. மொத்தம் 186,000. கார்ட், அக்கவுன்ட் எல்லாம் தங்களுடையது, எனக்குத் தலையிடி வேண்டாம் என்றார்கள். அதையும் நல்லதென்று நினைத்தேன்.

முதல் கிழமை தினமும் வட்ஸ்அப்பில் ஸ்கிரீன்ஷொட் வந்தது. இரண்டு லட்சம் பேர் பார்த்தார்கள், நான்கு லட்சம் பேர் பார்த்தார்கள் என்று. பார்ப்பது என்றால் யாரோ ஒருவர் போனில் விரலால் தள்ளும்போது நம் படம் திரையில் ஒருமுறை வந்து போவது என்று அப்போது எனக்கு யாரும் சொல்லவில்லை. ஒருவருக்கே பத்து முறை வந்தால் அது பத்து. அப்புறம் 2,300 கிளிக் என்றான். ஒரு ஓடர் இல்லை. விலை கேட்டுக்கூட ஒரு மெசேஜ் இல்லை.

என் கடைப் பக்கத்தை அமைத்துத் தந்த மச்சாள் மகனிடம் கேட்டேன். அவன் பக்கத்தின் கணக்கைத் திறந்து பார்த்தான். அந்தத் தளத்திலிருந்து வந்தவர்கள் 412 பேர். கிளிக் பண்ணியவர்களில் கொஞ்சப் பேர் பக்கம் திறக்குமுன் போய்விடுவார்கள்தான், ஆனால் 2,300 எங்கே 412 எங்கே? வந்தவர்களிலும் அரைவாசிக்கு மேல் இரண்டு மூன்று செக்கனில் வெளியே போயிருக்கிறார்கள். கனடாவிலிருந்து 19 பேர், லண்டன் பக்கத்திலிருந்து 11 பேர். மிச்சம் எல்லாம் நான் பார்சலே அனுப்பாத நாடுகள். நாட்டைத் தெரிவு செய்யாமல் உலகம் முழுக்க விட்டிருக்கிறார்கள், அப்படி விட்டால் கிளிக் மலிவாக விழும்.

இன்னொன்றையும் அவன்தான் கண்டுபிடித்தான். பத்தாம் நாள் ஸ்கிரீன்ஷொட்டில் வெட்ட மறந்த ஒரு மூலை இருந்தது. அதில் செலவு 61.40 டொலர். நான் கட்டியது 500. ரூபாவில் சொன்னால் 150,000 வாங்கி 18,420க்கு விளம்பரம் போட்டிருக்கிறார்கள்.

காசை விடவும் வயிறு எரிவது இதற்குத்தான். அந்தத் தளத்தில் காசு கட்டிப் போடும் விளம்பரம் வேறு, உறுப்பினர்கள் எழுதும் பதிவு வேறு. விளம்பரத்தில் விளம்பரம் என்றே போட்டிருக்கும். குழுக்களைச் சம்பளமில்லாமல் சில ஆட்கள் பார்த்துக்கொள்கிறார்கள், களவாக விற்க வருகிறவர்களை அவர்களுக்குக் கண்ணில் காட்டக் கூடாது. எனக்கு விளம்பரம் போட்ட இவர்கள் புதிதாக மூன்று நான்கு அக்கவுன்ட் திறந்து, வாடிக்கையாளர் மாதிரி "இவங்ககிட்ட வாங்கினேன், அருமையான சாறி" என்று அந்தச் சாறிக் குழுவிலேயே எழுதியிருக்கிறார்கள். குழுவைப் பார்த்துக்கொள்கிறவர்கள் அன்றைக்கே பிடித்துவிட்டார்கள். பதிவுகளை அழித்து, என் கடை லிங்கை அந்தக் குழுவில் யாரும் போட முடியாதபடி தடை பண்ணிவிட்டார்கள். நான் எழுதாத பொய்க்கு என் கடை கள்ளக் கடை ஆகிவிட்டது.

உண்மையான விளம்பரத்துக்குக் கீழே ஒரு பெண் கேட்டிருந்தாள்: நூல் எத்தனை கவுன்ட் (எவ்வளவு மெல்லிய நூல்), சாயம் போகுமா, நெய்கிறவருக்கு எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்று. மூன்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. அக்கவுன்ட் அவர்கள் கையில். 16 நாளாக ஒருவரும் பதில் எழுதவில்லை. கீழே இன்னொருவர், "பதில் இல்லை என்றால் மில் சாறிதான்" என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார்.

கேட்கத் தொடங்கிய நாளிலிருந்து கதையே மாறிவிட்டது. முதலில் "யோசிக்காதீங்க அக்கா, விளம்பரத்த யாருக்குக் காட்டுறது எண்டு சிஸ்டம் இன்னும் படிச்சிட்டு இருக்கு, 14 நாள் பொறுங்க." 14 நாள் கழித்து "சாறிப் படம் சரியில்ல, அதான் ஓடர் வரல்ல." 61.40 டொலர் ஸ்கிரீன்ஷொட்டை அனுப்பினேன், நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. போன் எடுத்தால் மனேஜர் கொழும்பில். நேற்று பஸ் ஏறி நேரே போனேன். வாசலில் இருந்த பிள்ளை கதிரை தந்து தண்ணி தந்தாள், ஒன்றரை மணித்தியாலம் இருந்தேன். கடைசியில் அந்தத் தம்பியே வந்தான். அக்கா என்று கூப்பிடவில்லை. "மேடம், சேர்விஸுக்கு ரீஃபண்ட் இல்ல, பில்லுக்குப் பின்னால இருக்கு" என்றான். பில்லைத் திருப்பிப் பார்த்தேன். எறும்பு மாதிரி இங்கிலிஷ் எழுத்தில் இருக்கிறது. 186,000 ரூபா வாங்கும்போது அதை ஒருவரும் வாசித்துக் காட்டவில்லை.

அடுத்த மாத நூலுக்குக் காக்காவுக்குக் காசு கொடுக்க வேண்டும். அவரிடம் சொன்னேன். "பரவாயில்ல தங்கச்சி, மெல்லத் தாங்க" என்கிறார். அவர் அப்படிச் சொல்லச் சொல்ல எனக்குத்தான் தாங்கவில்லை.

என்ன செய்ய வேண்டும் என்று விளக்கமாக எழுதத்தான் இருந்தேன், இப்போது தலை ஓடவில்லை. இவ்வளவும் பாருங்கள். விளம்பர அக்கவுன்ட் உங்கள் பேரில், உங்கள் கார்டில் திறக்க வேண்டும், வேலை செய்கிறவருக்கு உள்ளே வர அனுமதி மட்டும் கொடுங்கள். ஸ்கிரீன்ஷொட்டை நம்பாதீர்கள், தளம் தரும் டொலர் பில்லைக் கேளுங்கள். எந்த நாட்டுக்குப் போகிறது என்று முதல் நாளே பாருங்கள். முதலில் பத்து இருபது டொலருக்கு மேல் விடாதீர்கள். உங்கள் பேரில் பொய்ப் பதிவு எழுத ஒருவரையும் விடாதீர்கள்.

நுகர்வோர் அதிகார சபையின் 1977 என்ற போன் நம்பருக்கு இன்று காலை எடுக்கப் போகிறேன், வியாழக்கிழமை பொலிசுக்கும் போகிறேன். டவுனில் இப்படி ஒரு இடத்தில் காசு கட்டி ஏமாந்தவர்கள் இருந்தால் பில்லைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், சேர்த்தே கொடுப்போம்.