மூக்குச் சதைக்கு எந்த மருந்து? ஸ்ப்ரே முதல் ஊசி வரை

மூக்குச் சதையை (பாலிப்) கட்டுக்குள் வைக்க முதலிடம் இன்றும் ஸ்டீராய்டு ஸ்ப்ரேவுக்குத்தான். மொமெட்டாசோனா, புளூடிகசோனா என்று குழம்ப வேண்டாம்; பலனில் பெரிய வித்தியாசம் இல்லை. பெரியவர்களுக்கு மொமெட்டாசோன் ஒவ்வொரு துளையிலும் 2 அழுத்து, காலையும் மாலையும். “ஸ்ப்ரே கேட்கலை” என்று விட்டுவிடுகிறவர்களில் பலர் தப்பாக அடிப்பவர்கள். அண்ணாந்து அடித்து வேகமாக உறிஞ்சினால் மருந்து தொண்டைக்குள் போய்விடும். தலையைச் சற்றுக் குனிந்து, வலக் கையால் இடத் துளைக்கும் இடக் கையால் வலத் துளைக்கும், முனை காதுப் பக்கம் பார்க்கும்படி அடிக்க வேண்டும். நடுச்சுவரில் பட்டுக்கொண்டே இருந்தால் ரத்தம் கசியும். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். நாலு நாளில் நிறுத்தாதீர்கள்.

அறுவை சிகிச்சை முடிந்தவர்களுக்கு பியூடெசோனைடு என்ற ஸ்டீராய்டு கலந்து மூக்கைக் கழுவுவது இன்னும் ஆழமாகப் போகும்: 240 மி.லி. உப்புநீரில் 0.5 மி.கி. ரெஸ்பியூல் (சிறு மருந்துக் குப்பி) ஒன்று. மருத்துவர் சொன்னால் மட்டும் செய்யுங்கள். தண்ணீர் கொதித்து ஆறியதாக இருக்க வேண்டும். குழாய்த் தண்ணீர் கூடவே கூடாது.

பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை சில நாளிலேயே மூக்கைத் திறந்து வாசனையையும் மீட்டுத் தரும். அதனாலேயே ஆபத்து. நிறுத்தினால் சில மாதங்களில் சதை மறுபடி வளரும். திரும்பத் திரும்ப எடுத்தால் சர்க்கரை ஏறும், எலும்பு தேயும். வருடத்துக்கு ஓரிரு குறுகிய கோர்ஸ், அதற்கு மேல் வேண்டாம். மான்டெலுகாஸ்ட் என்ற ஒவ்வாமை மாத்திரையை நம்பிச் சதை சுருங்கும் என்று காத்திருப்பது வீண். அடைப்பைத் திறக்கும் சொட்டு மருந்தை ஒரு வாரத்துக்கு மேல் போட்டால் அடைப்பே கூடும்.

இத்தனைக்கும் அடங்காதவர்களுக்குத்தான் ஊசிகள். அமெரிக்காவில் டூபிலுமாப் 2019இலும், ஓமலிசுமாப் 2020இலும், மெபோலிசுமாப் 2021இலும் அனுமதி பெற்றன. எங்கள் தேர்வு டூபிலுமாப். 2 வாரத்துக்கு ஒருமுறை 300 மி.கி. ஆஸ்துமாவும் உள்ளவர்களிடம் ஓமலிசுமாபுடன் நேருக்கு நேர் வைத்துப் பார்த்த எவரெஸ்ட் ஆய்வில், 24 வாரத்தில் சதை சுருங்குவதிலும் மோப்பம் திரும்புவதிலும் இதுவே முந்தியது. ஆனால் ரத்தத்தில் ஈசினோபில் (ஒருவகை வெள்ளை அணு) ஏறலாம், கவனித்துக்கொள்ள வேண்டும். மெபோலிசுமாப் 4 வாரத்துக்கு ஒருமுறை போதும். ஓமலிசுமாபின் அளவை எடையும் ரத்தத்தில் ஐ.ஜி.ஈ. (ஒவ்வாமை எதிர்ப்பொருள்) அளவும் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். எல்லாமே விலை அதிகம், நிறுத்தினால் தொல்லை திரும்பக்கூடும். 6 மாதத்தில் மாற்றம் தெரியாவிட்டால் தொடர்வதில் அர்த்தமில்லை.

சதை ஒரு பக்கம் மட்டும் இருந்தாலோ, அந்தப் பக்கம் ரத்தம் வந்தாலோ இந்த ஒப்பீடு எதுவும் பொருந்தாது. அதற்கு முதலில் எண்டோஸ்கோப்பும் சி.டி. ஸ்கேனும் தேவை.