இரண்டடித் தொட்டிக்குச் சுறுசுறுப்பான மீன்: ஜீப்ரா டேனியோவா, கப்பியா?

தொட்டியில் எந்நேரமும் ஓட்டம் இருக்க வேண்டும், மீன்கள் ஒன்றையொன்று கடிக்கக் கூடாது, பராமரிப்பு கைக்கு அடங்க வேண்டும். சின்னத் தொட்டி வைப்பவர்கள் எதிர்பார்ப்பது இவ்வளவுதான். 60 × 30 × 30 செ.மீ. தொட்டியை வைத்துப் பேசுவோம். பெருக்கினால் 54 லிட்டர் வரும். கண்ணாடித் தடிமனைக் கழித்து, 3 செ.மீ. மணல் போட்டு, மேலே 4 செ.மீ. காலியாக விட்டால் உண்மையில் நிற்கும் தண்ணீர் சுமார் 39 லிட்டர்தான். எத்தனை மீன் விடலாம் என்பதை இந்த 39-ஐ வைத்து முடிவு செய்ய வேண்டும், பெட்டியில் அச்சிட்ட எண்ணை வைத்து அல்ல.

இந்த அளவுக்குப் பொதுவாக அடிபடும் பெயர்கள் நான்கு: ஜீப்ரா டேனியோ, கப்பி, நியான் டெட்ரா, டைகர் பார்ப். நான் தேர்ந்தெடுத்தது ஜீப்ரா டேனியோ. கடைசி இரண்டை முதலில் முடித்துவிடலாம்.

டைகர் பார்ப் ஓடும், விளையாடும், பார்க்க அழகு. ஆனால் 6, 7 செ.மீ. வளரும். எட்டுக்குக் குறைவாக வைத்தால் பக்கத்து மீனின் துடுப்பைக் கடிக்கும். கப்பி, ஃபைட்டர், ஏஞ்சல் போல நீண்ட துடுப்புள்ள எதையும் அதனோடு விடவே கூடாது. எட்டு பார்ப்புக்கு 100 லிட்டராவது வேண்டும். அதனால் இந்தத் தொட்டிக்கு அது இல்லை.

நியான் டெட்ரா சாதுவானது, சின்னது, கூட்டமாக நீந்தும்போது கண்ணைப் பறிக்கும். ஆனால் அதைச் சுறுசுறுப்பான மீன் என்று சொல்ல மாட்டேன். செடி நிழலில் நிதானமாக மிதப்பதுதான் அதன் இயல்பு. புதிதாக நிரப்பிய தொட்டியில் சீக்கிரம் சாகும். சில மாதம் ஓடி நிலைப்பட்ட தொட்டிதான் அதற்கு ஏற்றது.

மீதி கப்பியும் டேனியோவும். இரண்டும் நாள் முழுக்க அசையும், புதியவர்களின் கையில் தாக்குப் பிடிக்கும், மற்ற சிறு மீன்களோடு ஒத்துப்போகும். நிறத்தில் கப்பி முந்தும். வேகத்திலும் கூட்டமாகத் திரும்பும் அழகிலும் டேனியோ முந்தும். இது அவரவர் ரசனை. என் முடிவைத் தீர்மானித்தது வேறு ஒன்று: இன்று விட்ட எண்ணிக்கை ஆறு மாதம் கழித்தும் அதே எண்ணிக்கையாக இருக்குமா?

கப்பி குட்டி போடும் மீன். ஏறக்குறைய நான்கு வாரத்துக்கு ஒரு முறை, வளர்ந்த ஒரு பெண் 20 முதல் 40 குட்டி வரை போடும். குட்டிகளைத் தாயே தின்னும் என்றாலும், ஜாவா மோஸ் என்ற பாசி போல ஒளிய இடம் இருந்தால் ஒவ்வொரு ஈற்றிலும் சில தப்பிவிடும். தப்பிய பெண் குட்டிகள் இரண்டு மூன்று மாதத்தில் தாமே ஈனத் தொடங்கும். இரண்டு ஆண், நான்கு பெண் என்று தொடங்கிய தொட்டியில் அரை ஆண்டில் ஐம்பது மீன் நிற்பது சாதாரணம்.

கூட்டம் கூடக்கூடக் கழிவு கூடும். ஃபில்டரில் வாழும் பாக்டீரியா, கழிவிலிருந்து வரும் அமோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும். சுமை மெதுவாகக் கூடினால் பாக்டீரியாவும் பெருகி ஓரளவு சமாளிக்கும். நைட்ரேட்டோ பெரும்பாலும் தண்ணீரிலேயே தங்கும், அதை நாம்தான் வெளியேற்ற வேண்டும். வாரம் 25 சதவீதம் தண்ணீர் மாற்றி 20 பி.பி.எம்.மில் (பத்து லட்சத்தில் 20 பங்கு) நின்ற நைட்ரேட், மீன் எண்ணிக்கை மூன்று மடங்கானால் அதே பராமரிப்பில் ஏறிக்கொண்டே போகும். பிறகு வாரம் 50 சதவீதம் மாற்ற வேண்டும், அல்லது வாரம் இரண்டு முறை. மின்சாரம் போய் ஃபில்டர் சில மணி நேரம் நின்றால், நெரிசலான தொட்டிதான் முதலில் மூச்சுத் திணறும்.

மிஞ்சும் குட்டிகளை எங்கே கொடுப்பது என்பதும் பெரிய கேள்வி. ஏரியிலோ ஓடையிலோ ஒருபோதும் விடாதீர்கள். கப்பி பல நாடுகளில் இப்படிப் பரவி, உள்ளூர்ச் சிறு மீன்களின் இடத்தைப் பிடித்திருக்கிறது.

“பெண் மீன் மட்டும் வாங்கினால் போதுமே” என்று சிலர் சொல்வார்கள். போதாது. பெண் கப்பி ஒருமுறை இணைந்த விந்தைப் பல மாதம் உடலில் வைத்துக்கொண்டு, ஆணே இல்லாமல் அடுத்தடுத்து ஈனும். கடைத் தொட்டியில் வளர்ந்த பெண் அநேகமாக ஏற்கெனவே சினையாகத்தான் இருக்கும். கப்பிதான் வேண்டும் என்றால் ஆண் மட்டும் வாங்குங்கள், அதுதான் சரியான வழி. வால் பெரிதாக இருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். வயிற்றுக்குக் கீழே, பின்பக்கமுள்ள துடுப்பைப் பாருங்கள். ஆணுக்கு அது ஒல்லிக் குச்சி போலப் பின்னோக்கிப் படிந்திருக்கும், பெண்ணுக்கு விசிறி போல விரியும். ஆறேழு ஆண்கள் இருந்தால் துரத்தல் பரவிப்போகும். இரண்டு மூன்று மட்டும் இருந்தால் ஒன்றே அடி வாங்கும்.

டேனியோவுக்கு இந்தத் தலைவலி கிடையாது. அது முட்டையைத் தண்ணீரில் சிதறவிட்டு, உடனே தானே தேடித் தின்னும். அடர்ந்த செடி இருந்தால் எப்போதாவது ஒன்றிரண்டு குஞ்சு தப்பும், அதற்கு மேல் போகாது. எட்டு விட்டால் எட்டுதான். முதல் மாதம் பழகிய தண்ணீர் மாற்றும் அளவும் உணவு அளவும் அதற்குப் பின்னும் மாறாது.

டேனியோவை எட்டாக வாங்குவது முக்கியம். மூன்று நான்காக வைத்தால் வலுவான ஒன்று மற்றவற்றை விரட்டிக்கொண்டே இருக்கும், இளைத்தது மூலையில் ஒதுங்கும். எட்டு இருந்தால் அந்த விரட்டல் பலரிடம் பிரிந்து வெறும் ஓட்டமாகிவிடும். ஒல்லியாய், கோடுகளுக்கு இடையே பொன்மஞ்சள் சாயலோடு இருப்பவை ஆண். வயிறு உருண்டு வெள்ளி நிறமாய் இருப்பவை பெண். பெண்கள் சற்றுக் கூடுதலாக இருப்பது நல்லது. உள்ளொடுங்கிய வயிறு, வளைந்த முதுகு, உடலோடு ஒட்டிய துடுப்பு, இவற்றில் எது தெரிந்தாலும் அந்தக் கடைத் தொட்டியிலிருந்தே வாங்காதீர்கள். ‘ஜெயன்ட் டேனியோ’ என்ற இன்னொரு மீனும் குட்டியாக இருக்கும்போது சிறிதாகத்தான் தெரியும். அது 10 செ.மீ. வரை வளரும், இரண்டடித் தொட்டிக்கு ஆகாது.

நீளம்தான் டேனியோவின் தேவை. அதே 54 லிட்டர் உயரமான தொட்டியில் இருந்தால் அதற்குப் பயனில்லை. ஃபில்டரை ஒரு பக்கச் சுவரில் மாட்டி, நீரோட்டம் நீளவாக்கில் போகும்படி திருப்பிவிடுங்கள். மணிக்கு 200–250 லிட்டர் தள்ளும் ஃபில்டர் போதும். கூட்டம் ஓட்டத்தை எதிர்த்து ஒரே இடத்தில் நின்று நீந்தி, சட்டென்று விலகி, ஒரு சுற்று போய்த் திரும்ப அங்கேயே வந்து நிற்கும். செடிகளைப் பின்சுவரிலும் ஓரங்களிலும் வைத்து, முன்பக்கத்தைத் திறந்தவெளியாக விடுங்கள்.

அடித்தளத்துக்குத் துணையாக, அடியில் மேயும் சின்ன மீனான பாண்டா கோரிடோராஸ் (சுருக்கமாகக் கோரி) ஐந்து சேர்க்கலாம். கூர்மையில்லாத மெல்லிய மணல் அவசியம், கூரான கல் அதன் மீசையைத் தேய்த்துவிடும். உணவு விழுந்ததும் டேனியோ மேற்பரப்பிலேயே எல்லாவற்றையும் பறித்துவிடும் என்பதால் கோரிக்கு மூழ்கும் வில்லையை விளக்கணைத்த பிறகு போட வேண்டும். டேனியோவுக்கு ஒரு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு, நாளைக்கு இரண்டு வேளை.

டேனியோ தோற்கும் இடமும் உண்டு. 20 முதல் 26 டிகிரி செல்சியஸ்தான் அதற்கு இதம். தண்ணீர் வாரக்கணக்கில் 28-க்கு மேல் நின்றால் ஆக்சிஜன் குறையும், ஓயாமல் ஓடும் இந்த மீனுக்குத்தான் அது முதலில் உறைக்கும். தண்ணீர்ப் பரப்பின் மேல் சின்ன ஃபேன் ஓடவிட்டால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆவியான அளவுக்குத் தண்ணீர் ஊற்றுவதைத் தண்ணீர் மாற்றியதாகக் கணக்கில் சேர்க்காதீர்கள், உப்பும் நைட்ரேட்டும் உள்ளேயேதான் இருக்கும். எப்போதும் சூடான தண்ணீர் என்றால் ஆண் கப்பிகளுக்கோ, 2 செ.மீ. அளவே வளரும் எம்பர் டெட்ராவுக்கோ போவதுதான் நியாயம். தொட்டியின் மொத்த அளவே 40 லிட்டருக்கும் குறைவு என்றாலும் இதே பதில்தான். ஹார்லெக்வின் ராஸ்போராவையும் பலர் விரும்புகிறார்கள். அதோடு எனக்குப் பழக்கம் குறைவு, அதனால் தரவரிசையில் சேர்க்கவில்லை.

டேனியோ எதையும் தாங்கும் என்று சொல்லி, புதுத் தொட்டியில் அதை விட்டு, அதன் கழிவு அமோனியாவிலேயே ஃபில்டர் பாக்டீரியாவை வளர்க்கும் வழக்கம் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். செவுள் வெந்த மீன் பிழைத்தாலும் அதன் ஆயுள் குறையும். மீன் இல்லாமலே ஃபில்டரை ஓடவிட்டு, அமோனியா 2 பி.பி.எம். வரும்படி சேர்த்து, டெஸ்ட் கிட்டில் பாருங்கள். பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். சேர்த்த அமோனியா 24 மணி நேரத்தில் பூஜ்யமாகி, நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டினால் தொட்டி தயார். பெரிய அளவில் தண்ணீர் மாற்றி நைட்ரேட்டை இறக்கிவிட்டு எட்டு டேனியோவை விடுங்கள், கோரியை மூன்று வாரம் கழித்து. ஃபில்டர் ஸ்பாஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் மட்டும் பிழியுங்கள், குழாய்த் தண்ணீரின் குளோரின் அந்தப் பாக்டீரியாவைக் கொன்றுவிடும்.

மூடி கட்டாயம். டேனியோ தாவும், இடம் மாறிய முதல் சில இரவுகளில் இன்னும் அதிகமாக. ஹீட்டர் ஒயரும் ஃபில்டர் குழாயும் நுழையும் இடைவெளியை ஒரு துண்டு ஸ்பாஞ்சால் அடைத்துவிடுங்கள். விரல் நுழையும் சந்து இருந்தால் இந்த மீனும் நுழையும்.