டப்பாவில் ஒரு ஊர், பொருளில் ஒரு ஊர்: தங்கச்சிமடத்தில் 12 வருஷம் ஓடிய டிசையர்

2013 ஆவணியில் எடுத்த டீசல் ஸ்விஃப்ட் டிசையர், மஞ்சள் போர்டு. மீட்டர் இன்று 3,12,000 கிலோமீட்டர் காட்டுகிறது. ராமேஸ்வரம் வரும் யாத்ரீகர்களை ஏற்றிக்கொண்டு கோயில், தனுஷ்கோடி, திருப்புல்லாணி, தேவிபட்டினம், அப்புறம் மதுரை என்று பெரும்பாலும் ஒரே தடத்தில் ஓடிய வண்டி. மைலேஜ் டவுனில் 17, பைபாஸில் 22. பின் சீட்டில் இரண்டு பெரியவர்களும் ஒரு குழந்தையும் வசதியாக உட்காரலாம். ஏசி நன்றாகவே இருக்கிறது. இதைப் பற்றியெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். இந்த 12 வருஷத்தில் வண்டிக்கு வாங்கிப்போட்ட சாமான்கள் உண்மையில் எங்கே செய்யப்பட்டவை என்று தேடித் தெரிந்துகொண்டதைத்தான் நான் எழுதப்போகிறேன்.

ஏன் அந்தத் தேடல் என்றால், எங்கள் ஊர்க் காற்று அப்படி. வாடைக் காற்றிலும் சரி, கச்சான் காற்றிலும் சரி, ராத்திரி நிறுத்திய வண்டியின் கண்ணாடியில் காலையில் விரலை வைத்துத் தடவினால் உப்புப் பிசுபிசுப்பு ஒட்டும். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தார் மண்டபத்தில் இரும்புத் துண்டுகளைக் கடற்காற்றில் வைத்து, துரு எவ்வளவு தின்கிறது என்று அளந்து ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள். 1914-ல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தைக் கடைசியில் ஓய்வெடுக்க வைத்ததும் இந்த அரிப்புதான். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்கு ஸ்டெயின்லெஸ் கம்பியும் பாலிசிலாக்ஸேன் பெயின்டும் போட்டிருக்கிறார்கள். பாலத்துக்கே இந்த நிலை என்றால் காரின் அடியில் தொங்கும் தகட்டுக்கும் ரப்பர் புஷ்ஷுக்கும் எப்படி இருக்கும்? கோயம்புத்தூரில் ஐந்து வருஷம் உழைக்கிற மட்டமான சாமான் இங்கே ஐந்து மாதத்தில் தன் யோக்கியதையைக் காட்டிவிடும்.

எனக்குக் காட்டியது 2017 மார்கழியில். மதுரைக் குடும்பம் ஒன்றை ஏற்றிக்கொண்டு பாம்பன் ரோட்டுப் பாலத்தில் ஏறினேன். பாலத்தின் நடுவில் வழக்கம்போல வண்டிகள் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தன. பிரேக்கை அழுத்தினேன். இடது முன் சக்கரத்தில் இரும்போடு இரும்பு உரசுகிற சத்தம், வண்டி வலப்பக்கமாக இழுத்தது. முன்னால் நின்ற வேனுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. பின் சீட்டில் கைக்குழந்தையோடு ஒரு பெண். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் மெக்கானிக் அண்ணன் சக்கரத்தைக் கழற்றினார். பிரேக் பேடில் ஒரு இரும்புத் தகடு இருக்கும், அதன்மேல் கறுப்பு உராய்வுக் கட்டி ஒட்டியிருக்கும். கட்டி தனியாக, தகடு தனியாக அவர் கையில் வந்தது. தகட்டின்மேல் துரு அடுக்கடுக்காக உப்பி, வெங்காயத் தோல்போல உரிந்தது. பெயின்டுக்குக் கீழே உப்பு புகுந்து, துரு பருத்து, கட்டியை அடியிலிருந்து நெம்பித் தூக்கியிருக்கிறது. கட்டி தேயவே இல்லை. பேட் போட்டு ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது.

“டப்பா இருக்கா தம்பி?” என்று கேட்டார். இருந்தது. எல்லோருக்கும் தெரிந்த பெயர், பளபளப்பான அச்சு, மினுங்கும் ஸ்டிக்கர். அவர் அதையெல்லாம் பார்க்கவில்லை. டப்பாவைக் கவிழ்த்து அடியில் இருந்த பொடி எழுத்தைப் படிக்கச் சொன்னார். தயாரித்தவர் யார் என்ற வரியே இல்லை. ‘மார்க்கெட்டட் பை’ என்று போட்டு, டெல்லியில் ஒரு கதவு எண், பின்கோடு கிடையாது. மாதம், வருஷம் இருக்க வேண்டிய கட்டம் காலி. 

“தம்பி, பேரு யாரு வேணா அடிக்கலாம். விலாசத்தைப் பாத்து வாங்குங்க.”

வாங்கிய கடையில் போய்க் கேட்டேன். “எல்லாம் ஒரே ஃபேக்டரி சாமான்தான்” என்றார்கள். அது எந்த ஃபேக்டரி என்று அவர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. நான் மிச்சம் பிடித்தது 700 ரூபாய்.

அன்று முதல் டப்பாக்களைத் தூக்கிப் போடுவதில்லை. வீட்டில் ஒரு பழைய மீன் பெட்டி நிறைய வைத்திருக்கிறேன், தேதி, கிலோமீட்டர் எழுதி.

எனக்குப் பயன்பட்ட சில விஷயங்கள். 2011-ம் வருஷத்துப் பொட்டலப் பொருட்கள் விதிகளின்படி, தயாரித்தவரின் பெயரும் முகவரியும் டப்பாவில் இருக்க வேண்டும். வேறொருவர் பொதிந்திருந்தால் அவர் பெயரும் வேண்டும். இறக்குமதி என்றால் கொண்டுவந்தவரின் முகவரியும், எந்த நாட்டில் செய்தது என்பதும் வேண்டும். ‘மேனுஃபேக்சர்டு பை’, ‘பேக்டு பை’, ‘மார்க்கெட்டட் பை’ மூன்றும் ஒன்றல்ல. கடைசி வரி மட்டும் இருக்கிற டப்பாவை நான் இப்போது கையில் தொடுவதில்லை. பார்கோடு 890 என்று தொடங்கினால் இந்தியத் தயாரிப்பு என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். நானும் நம்பியிருந்தேன். அந்த எண்ணை வழங்கியது இந்திய அமைப்பு என்பது மட்டுமே அதற்குப் பொருள். உள்ளே இருக்கும் பொருள் எந்த நாட்டிலிருந்தும் வந்திருக்கலாம்.

டப்பாவைவிடப் பொருளே அதிகம் பேசும். பிளாஸ்டிக் சாமானின் உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், பத்து பைசா அளவில் ஒரு வட்டம் அழுந்தியிருக்கும். சுற்றிலும் 1 முதல் 12 வரை எண்கள், நடுவில் ஒரு அம்புக்குறி, அதன் இருபுறமும் வருஷம். அம்பு காட்டுகிற மாதத்தில் அந்த அச்சில் வார்த்தது என்று பொருள். என் வண்டியின் ஏர் ஃபில்டர் கூட்டில் இதைப் பார்த்த அன்று, 12 வருஷமாக வைத்திருக்கிற வண்டியை அப்போதுதான் முதல்முறை பார்ப்பதுபோல இருந்தது. டயரின் பக்கவாட்டில் நான்கு எண்கள் இருக்கும். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம். பேரிங்கின் வளையத்தில் நாட்டின் பெயரையே பொறித்திருப்பார்கள்.

அப்படிப் பார்க்கப் பார்க்கத்தான் என் வண்டி எந்த ஊர்க்காரன் என்று புரிந்தது. பெயர் ஜப்பான்காரருடையது, வண்டியைச் செய்தது ஹரியானா மாநிலம் மானேசரில். உள்ளே இருக்கும் 1.3 லிட்டர் டீசல் எஞ்சின் இத்தாலியின் ஃபியட் வடிவமைத்தது, அதையும் மானேசரிலேயே செய்தார்கள். இதே எஞ்சின் டாடாவிலும் செவ்ரோலேயிலும்கூட ஓடியது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகை விதி வந்தபோது அதோடு நின்றுபோனது. ஏசி சாமான் சுப்ரோஸ், நொய்டா பக்கத்துக் கம்பெனி. கண்ணாடியின் மூலையில் ஏஐஎஸ் என்ற கண்ணாடிக் கம்பெனியின் முத்திரை. 2019-ல் உச்சிப்புளி தாண்டி லாரி டயர் தெறித்த கல்லில் முன்கண்ணாடி விரிந்தது. அப்போது கடையில் இரண்டு கண்ணாடி காட்டினார்கள். ஒன்றில் கார் கம்பெனியின் சின்னமும் ஏஐஎஸ் முத்திரையும், மற்றதில் ஏஐஎஸ் முத்திரை மட்டும். விலையில் நல்ல வித்தியாசம். ஐஎஸ்ஐ குறி இரண்டிலும் இருந்ததைப் பார்த்துக்கொண்டு சின்னம் இல்லாததை வாங்கினேன். ஆறு வருஷமாக ஒரு குறையும் இல்லை.

ஸ்பேர் விஷயத்தில் நான் கற்றதில் பெரியது இதுதான். கார் கம்பெனி தன் வண்டியின் பெரும்பாலான சாமான்களைத் தானே செய்வதில்லை, செய்கிறவர்கள் வேறு. அவர்களில் பலர் தங்கள் சொந்தப் பெயரிலும் கடைக்குச் சரக்கு விடுகிறார்கள். செய்கிறவரைத் தெரிந்துகொண்டால் அநியாய விலையும் கொடுக்க வேண்டாம், டூப்ளிகேட்டிலும் விழ வேண்டாம்.

செய்கிறவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று பார்த்தால், நிறையப் பேர் நமக்குப் பக்கத்தில்தான். மதுரை என்றால் நமக்கு மீனாட்சியும் ஜிகர்தண்டாவும். ஆனால் ஃபென்னர் பெல்ட் என்று நாம் கேட்டு வாங்குகிற கம்பெனிக்கு ஆலை கோச்சடையில். ஜப்பானின் அராய் தொழில்நுட்பத்தோடு தொடங்கிய ஆயில் சீல் கம்பெனியும் மதுரைதான். டூவீலர் டயர் மேலூர் ரோட்டில் வெள்ளரிப்பட்டியில். டிவிஎஸ் என்ற பெயரே 1911-ல் மதுரையில் தொடங்கிய கம்பெனியுடையது. சென்னை பாடியைச் சுற்றி லூகாஸ் டிவிஎஸ், பிரேக்ஸ் இந்தியா, வீல்ஸ் இந்தியா, சுந்தரம் ஃபாஸனர்ஸ் என்று வரிசையாக இருக்கின்றன. 1990-களில் அமெரிக்காவின் ஜிஎம் கம்பெனிக்கு ரேடியேட்டர் மூடி செய்து அனுப்பியது சுந்தரம் ஃபாஸனர்ஸ்தான், அதுவும் ஜிஎம்மின் இங்கிலாந்து ஆலையிலிருந்த இயந்திரங்களையே வாங்கி இந்தியாவுக்குக் கொண்டுவந்து. இதைப் படித்தபோது எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

‘ஜெர்மன் சாமான்’ என்று நாம் கூடுதலாகக் கொடுக்கிற பாஷ் இன்ஜெக்டரை நாசிக்கில் செய்கிறார்கள். பழைய டிரைவர்கள் இன்னும் ‘மைக்கோ பம்ப்’ என்பார்களே, அதே மைக்கோதான் இந்த பாஷ், 1951-ல் தொடங்கிய பெங்களூர்க் கம்பெனி. எஃப்ஏஜி பேரிங் வதோதராவில் ஆகிறது, எஸ்கேஎஃப் புனேயில். தரத்தில் இதனால் குறை என்று நான் சொல்லவில்லை. 2016-ல் போட்ட முன் வீல் பேரிங் இந்தியா என்று பொறித்ததுதான், ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடியது. வெளிநாட்டுச் சாமான் என்று விலை கூட்டிச் சொல்லும்போது மட்டும் வளையத்தைத் திருப்பிப் பாருங்கள்.

கீழக்கரைப் பக்கம் துபாய் போகாத வீடு குறைவு. ‘துபாய் சாமான்’ என்றால் எங்களுக்குத் தனி மதிப்பு. என் மச்சான் ஒருமுறை விடுமுறைக்கு வரும்போது ஆசையாக ஒரு ஆயில் ஃபில்டர் செட் கொண்டுவந்தான். அரபியிலும் ஆங்கிலத்திலும் அச்சிட்ட டப்பா. அடியில் பார்த்தால், தயாரித்த நாடு இந்தியா. நல்ல சாமான்தான், மூன்றையும் போட்டேன். எங்கிருந்தோ கப்பலேறி துபாயின் ஜெபல் அலி துறைமுகம் போய், விமானத்தில் மதுரைக்கு வந்து இறங்கியிருக்கிறது.

இந்த விஷயம் எனக்கு ஏன் இவ்வளவு உறைக்கிறது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. என் அம்மா பல வருஷம் தீவுப்பக்கம் பாசி எடுக்கப் போனவர். விரலில் துணி சுற்றிக்கொண்டு, பாறையில் ஒட்டியிருக்கிற மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்த்துப் பையில் போட்டு, கரையில் காயவைப்பார்கள். அது அகர் என்கிற கூழ்ப்பொருள் செய்கிற ஆலைக்குப் போகிறது. இனிப்பிலும் மருந்திலும் கலந்து கடைக்கு வருகிறபோது அந்த டப்பாவில் ராமநாதபுரம் இருக்காது. எங்கள் கடலில் மூழ்கி எடுக்கிற சங்கு கொல்கத்தா போய் வளையலாகி, வங்காளத்து வளையல் என்று பெயர் வாங்குகிறது. பொருளைச் செய்த கை எது, எடுத்த கடல் எது என்று யாரும் கேட்பதில்லை. நான் கேட்கிறேன்.

சரி, உப்புக்காற்றில் எது எவ்வளவு தாங்கியது என்று என் நோட்டிலிருந்து.

வண்டியோடு வந்த சைலன்சர் ஆறரை வருஷம். அதற்குப் பதில் விலை குறைவு என்று போட்ட, விலாசமில்லாத சைலன்சர் பதினான்கு மாதத்தில் நடுவில் ஓட்டை. முன்சக்கரத்தைப் பிடித்திருக்கிற லோயர் ஆர்மின் ரப்பர் புஷ், விலாசம் உள்ளது 60,000 கிலோமீட்டர் தாண்டியது, இல்லாதது ஒரு மழைக்காலம் முடிவதற்குள் ரப்பர் வெடித்தது. பிரேக் பேட் விஷயத்தில் 2017-க்குப் பிறகு சமரசமே கிடையாது. தயாரித்தவர் முகவரி, மாதம், வருஷம், டப்பாவிலும் தகட்டிலும் ஒரே பேட்ச் எண், இவை எல்லாம் இருந்தால்தான். அப்படியும் ஐப்பசி மழைக்கு முன்னால் ஒருமுறை கழற்றி, தகட்டு ஓரத்தில் பெயின்ட் உப்புகிறதா என்று பார்த்துவிடுகிறேன். தனுஷ்கோடி போய் வந்த நாளெல்லாம் அடிப்பக்கம் நல்ல தண்ணீர் அடிக்கிறேன். அரிச்சல்முனை ரோட்டில் இரண்டு பக்கமும் கடல், காற்றில் வருகிற நீர்த்திவலை மட்கார்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

முகவரி இருந்தும் ஏமாந்ததுண்டு. ஒரு ஸ்டெபிலைசர் லிங்க்கில் அச்சு, எண், மாதம் எல்லாமே சரியாக இருந்தது, எட்டு மாதத்தில் பால் ஜாயிண்ட் ஆடியது. டப்பாவைப் படிப்பது பாதி வேலைதான் என்று அப்போது தெரிந்தது. மீதிக்கு மெக்கானிக்கின் கண் வேண்டும்.

எல்லாவற்றிலும் நன்றாக உழைத்தது எது என்று கேட்டால், சைலன்சரைத் தாங்குகிற பிராக்கெட். மூன்றாவது முறை துருப்பிடித்து அறுந்தபோது மண்டபத்தில் விசைப்படகுக்கு வேலை செய்கிற லேத் பட்டறைக்குக் கொண்டுபோனேன். பட்டறைப் பெரியவர் அறுந்த துண்டைக் கையில் வாங்கி, உள்ளங்கையில் வைத்து எடை பார்ப்பதுபோல அசைத்தார். “இது சாதா இரும்பு மாப்ள. போட்டுக்குப் போடுற 316 ஸ்டெயின்லெஸ்ல அடிச்சுத் தர்றேன். 304-ம் வேணாம், அது நம்ம தண்ணிக்கு நிக்காது” என்றார். மாலிப்டினம் கலந்த அந்தத் தகட்டை வளைத்து, துளையிட்டு, ஓரத்தைத் தேய்த்துக் கொடுக்க முக்கால் மணி நேரம். 450 ரூபாய். டப்பா கிடையாது, பெயர் கிடையாது, பார்கோடு கிடையாது.

2020 தை மாதம் போட்டது. போன வாரம் வண்டியை ஜாக்கியில் தூக்கியபோது விரலால் துடைத்துப் பார்த்தேன். புழுதிக்குக் கீழே அவர் தேய்த்த அரத்தின் கோடுகள் இன்னும் தெரிகின்றன.