ஜிம்முக்குக் காசு கட்டுமுன் அந்த ரப்பர் பட்டியை இழுத்துப் பாருங்கள்

திருகோணமலை நகருக்குள் இருக்கும் ஓர் உடற்பயிற்சி நிலையத்தில் என் தம்பிக்கு நடந்ததை எழுதுகிறேன். முறைப்பாடு கொடுத்திருக்கிறோம், அதனால் பெயரைப் போடவில்லை. உவர்மலை, உப்புவெளிப் பக்கத்துப் பெற்றோரும் பிள்ளைகளும் காசு கட்டுவதற்கு முன் இதை வாசித்துவிட வேண்டும்.

தம்பிக்கு ஒரு புல்-அப் கூட எடுக்க வராது. அதைப் பழகத்தான் சேர்ந்தான். தலைக்கு மேலே உள்ள கம்பியைப் பிடித்துத் தொங்கி, முழு உடம்பையும் இரண்டு கைகளால் மேலே தூக்குகிற பயிற்சி அது. தோளும் முதுகும் பலப்படும்வரை இயந்திரத்தையோ ரப்பர் பட்டியையோ துணையாக வைத்துக்கொண்டுதான் தொடங்க வேண்டும். மூன்று மாதக் கட்டணத்தோடு, பயிற்றுநர் பக்கத்தில் நின்று பழக்குவார் என்று சொல்லித் தனியாகவும் காசு வாங்கினார்கள்.

அந்தப் பயிற்றுநருக்கு இயந்திரமே தெரியாது என்பது முதல் நாளே வெளித்துவிட்டது. துணை இயந்திரத்தில் முழங்காலை ஒரு மெத்தைப் பலகையில் ஊன்றுவோம். அந்தப் பலகை நம்மை மேலே தள்ளும். மற்ற இயந்திரங்களில் எடையைக் கூட்டினால் கடினம். இதில் நேர்மாறு: எடையைக் கூட்டக் கூட்டத் துணை கூடும், வேலை இலேசாகும். எவ்வளவு எடை என்று தெரிவுசெய்ய, எடை அடுக்கில் 'பின்' என்கிற சிறு கம்பியைச் செருகுவார்கள். எழுபது கிலோ உள்ளவர் நாற்பதில் அந்தப் பின்னைச் செருகினால், ஏறக்குறைய முப்பது கிலோவைத்தான் அவர் தூக்க வேண்டும். பத்தில் செருகினால் அறுபதையும் அவரே தூக்க வேண்டும். "முதல் நாள்தானே தம்பி, பாரம் குறைவாகவே வைப்போம்" என்று சொல்லி அவர் பின்னை ஆக மேலே, பத்தில் செருகினார். தம்பி முழங்காலை ஊன்றியதும் பலகை சரேலென்று கீழே போனது. உடம்பின் பாரம் முழுவதும் இரு தோள்களிலும் வெட்டி இழுத்தது. வலது தோள் அன்றிரவே வலிக்கத் தொடங்கியது. "தொடக்கத்தில் அப்படித்தான் இருக்கும்" என்பதே அவருடைய பதில்.

அடுத்த கிழமை இயந்திரம் பழுது என்று சொல்லி, ரப்பர் பட்டியில் செய்ய வைத்தார்கள். மேல் கம்பியில் மாட்டித் தொங்கவிடும் வளையம் அது; அதில் காலை வைத்தால் நம்மை மேலே தாங்கும். அந்தப் பட்டியைப் பற்றித்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். வெயில் நேரே விழுகிற யன்னல் கம்பியில்தான் அது எந்நேரமும் தொங்கும். லேடெக்ஸ் ரப்பரை வெயிலும் வெப்பமும் இற்றுப்போகச் செய்யும், வியர்வையும் எண்ணெயும் பட்டால் இன்னும் விரைவில் கெடும். பிறகு நான் போய் மிச்சத் துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன். கறுப்பு நிறம் சாம்பல் பூத்து, விரலில் வெள்ளையாக மா ஒட்டியது. சற்று இழுத்தபோது ஓரம் முழுவதும் நூல்நூலாக வெடிப்புகள் விரிந்தன. கண் தெரிந்த எவரும் அதில் ஒரு மனிதனை நிற்க வைக்கமாட்டார்கள். தம்பி ஒரு காலை அதில் வைத்து ஏறும்போது பட்டி அறுந்து, மேல்துண்டு கன்னத்தில் அடித்தது. கண்ணுக்குக் கீழே தொடங்கி காதுவரை தடித்துச் சிவந்த கோடு. தரையில் மெத்தையும் இல்லை, பிடிக்க ஆளும் இல்லை. தனிக் காசு வாங்கிய பயிற்றுநர் அந்த நேரம் வெளியே நின்று தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தார்.

வைத்தியசாலையில் கண்ணைப் பரிசோதித்துப் பார்வைக்குப் பாதிப்பில்லை என்று சொன்ன பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது. நிலைய உரிமையாளரிடம் போனால், "தம்பி காலைச் சரியாக வைக்கவில்லை அக்கா" என்கிறார். கட்டணத்தைக் கேட்டதற்கு, திருப்பித் தரப்படாது என்று பற்றுச்சீட்டில் அச்சடித்திருப்பதைக் காட்டினார். வருத்தம் தெரிவிக்கிற ஒரு சொல்கூட அவர் வாயிலிருந்து வரவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது அந்த இடத்தில்தான்.

இப்போது அரச வைத்தியசாலையின் இயன்மருத்துவர் தம்பிக்குத் தோள் பயிற்சி கொடுக்கிறார், ஒரு சதமும் வாங்காமல். காசு வாங்கியவர்கள் சொல்லித்தராததை எல்லாம் அவர் பொறுமையாகச் சொல்லித்தந்தார். கம்பியைப் பிடித்ததும் கையை மடக்கக் கூடாது. முதலில் தோள்களைக் காதுகளிலிருந்து கீழே இறக்கி இறுக்க வேண்டும். அதன் பிறகுதான் முழங்கையை மடக்கி நெஞ்சைக் கம்பியை நோக்கிக் கொண்டுபோவது. மேலே போகையில் மூச்சை விட வேண்டும். இறங்குகையில் இரண்டு மூன்று விநாடி எடுத்து மெதுவாக இறங்க வேண்டும். அடியில் வந்து தோளைத் தளரவிட்டுத் தடாலென்று தொங்குவதுதான் தோளைக் கெடுக்கும். உடம்பை ஆட்டி உந்தி ஏறுவதும், கம்பியைப் பிடரிக்குப் பின்னால் கொண்டுவருவதும் வேண்டவே வேண்டாம். தோளில் குத்தலோ விரல்களில் விறைப்போ தெரிந்தால் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும். அடுத்தடுத்த நாட்களில் செய்யாமல் இடையில் ஒரு நாளாவது விடச் சொன்னார்.

பட்டியில் செய்பவர்கள் உறுதியான முக்காலி ஒன்றில் நின்றுதான் ஏறவும் இறங்கவும் வேண்டும். தடித்த பட்டி கூடுதலாகத் தாங்கும், மெல்லியது குறைவாகத் தாங்கும். பட்டி நன்றாக இழுபட்டிருக்கும் அடியில்தான் துணை அதிகம், மேலே போகப் போகக் குறையும். முடிந்ததும் முக்காலியில் இரு கால்களையும் வைக்கும்வரை பட்டியை விடக் கூடாது. முகத்தை விலக்கி, பட்டியைக் கையால் பிடித்துக்கொண்டே காலை எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் நல்ல பட்டியும் மேலே பாய்ந்து அடிக்கும். நண்பனைத் துணைக்கு வைத்தால் அவன் பின்னால் நின்று விலாவிலோ முதுகிலோ தாங்கட்டும். கணுக்காலைப் பிடித்துத் தூக்குவது ஆபத்து: கை வழுகினால் காலை ஊன்ற வழியில்லாமல் முகம் குப்புற விழ நேரிடும்.

சேரப்போகிறவர்கள் பயிற்றுநரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்தத் துணை இயந்திரத்தில் இலேசாகச் செய்யப் பின்னை எங்கே செருக வேண்டும்?" பதில் பிழைத்தால் காசைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரும்புங்கள்.

ஏற்கெனவே கட்டி ஏமாந்தவர்களுக்கும் வழி இருக்கிறது. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் பொருட்களுக்கு மட்டுமல்ல, சேவைகளுக்கும் பொருந்தும். முறைப்பாட்டை அந்த அதிகார சபைக்கு எழுத்தில், சேவை பெற்ற மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். 1977 என்ற இலக்கத்தில் அழைத்தும் விசாரிக்கலாம். நாங்கள் பற்றுச்சீட்டு, அறுந்த பட்டியின் படம், வைத்தியசாலைத் துண்டு மூன்றையும் இணைத்து அனுப்பியிருக்கிறோம். அதே நிலையத்தில் காசு கட்டியவர்களில் சிலரிடம் பற்றுச்சீட்டே இல்லை என்று தெரியவருகிறது. அவர்கள் நாளைக்கே போய், கட்டிய தொகையையும் திகதியையும் எழுதிக் கையொப்பத்தோடு கேட்டு வாங்க வேண்டும்.