594 பெரிசா, 583 பெரிசா?

இரண்டுமே தென்கொரியத் துப்பாக்கி சுடும் வீரர் ஜின் ஜோங்-ஓ எடுத்த புள்ளிகள், இரண்டுமே 600க்குத்தான். 2009இல் சாங்வனில் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் 594, அதாவது அறுபது குண்டில் இழந்தது வெறும் ஆறு புள்ளி. பத்துப் புள்ளி வட்டமே 11.5 மில்லிமீட்டர், சட்டைப் பொத்தான் அளவுதான்!

583 வந்த 50 மீட்டர் பிஸ்டல் போட்டியில் அந்த வட்டம் 5 சென்டிமீட்டர். பெரிசுதானே என்று தோன்றும், ஆனால் தூரம் ஐந்து மடங்கு, அப்புறம் திறந்தவெளி ரேஞ்சில் காற்று வேறு குறுக்கே வரும். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் சோவியத் வீரர் மெலென்தியேவ் எடுத்த 581 என்ற உலக சாதனை முப்பத்துநான்கு வருஷம் அசையவே இல்லை, 2014இல் கிரனாடாவில் ஜின்தான் 583 எடுத்து அதைத் தாண்டினார்.

என் ஓட்டு 583க்கு. என்ன, ரியோவுக்குப் பிறகு அந்தப் போட்டியையே ஒலிம்பிக்கிலிருந்து தூக்கிவிட்டார்கள்.