எவர்ட்டன் 2013-14 ஜெர்சி, முதுகில் கோல்மன், எண் 23: ஒரு மதிப்புரை

இங்கிலாந்தின் லிவர்பூல் நகரக் கால்பந்துக் கழகமான எவர்ட்டன் 2013-14 பருவத்தில் சொந்த மைதானத்தில் அணிந்த நீல ஜெர்சி ஒன்றை, முதுகில் அந்த அணியின் ஆட்டக்காரர் ஷேமஸ் கோல்மனின் பெயரும் 23 என்ற எண்ணும் பதித்தபடி, பழைய கால்பந்துச் சட்டைகளை வாங்கி விற்கும் ஓர் இணையக் கடையிலிருந்து 38 பவுண்டுக்கு வாங்கினேன். கைக்கு வந்து மூன்று மாதங்கள் ஆகின்றன. ஐந்து முறை உடுத்தி, ஐந்து முறை துவைத்துப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன். ஒருவர் ஏற்கெனவே உடுத்திய ஜெர்சியின் குறை நிறைகள் முதல் துவைப்புக்குப் பிறகுதான் தெரியவரும்.

முதலில் துணியைச் சொல்லிவிடுகிறேன். மெல்லிய பாலியெஸ்டர், நிறம் எங்கும் வெளிறவில்லை, அக்குளிலும் கழுத்துப் பட்டையிலும் கறை இல்லை. மார்பில் தாய்லாந்து பீர் பிராண்டான சாங்கின் பெயர் வெள்ளை நிறத்தில் இருக்கிறது. அதில் மயிரிழை போன்ற சில வெடிப்புகள் உண்டு என்றாலும், பத்தாண்டுக்கு மேற்பட்ட சட்டையில் அவை இல்லாதிருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வந்திருக்கும்.

இந்த ஜெர்சியை மற்ற ஆண்டுகளின் ஜெர்சிகளிலிருந்து பிரித்துக் காட்டுவது இடது மார்பில் இருக்கும் சின்னம். 2013ஆம் ஆண்டு மே மாதம் கழகம் தன் சின்னத்தைப் புதிதாக வரைந்து வெளியிட்டபோது, இருபுறமும் இருந்த இலைவளையங்களையும், மிகச் சிறந்ததைத் தவிர வேறெதுவும் போதாது என்று பொருள்படும் லத்தீன் வாசகத்தையும் நீக்கிவிட்டது. எஞ்சியவை ஒரு கேடயமும், அதனுள் எவர்ட்டன் குன்றில் 1787இல் கைதிகளை அடைக்கக் கட்டப்பட்ட சிறு காவல் கட்டடமான பிரின்ஸ் ரூபர்ட் கோபுரமும், கழகத்தின் பெயரும், 1878 என்ற தொடக்க ஆண்டும்தான். இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட ரசிகர்கள் எதிர்ப்பு மனுவில் கையெழுத்திட்டார்கள். கழகம் வருத்தம் தெரிவித்து, ரசிகர்களிடமே வாக்கெடுப்பு நடத்தி, அடுத்த பருவத்தில் வாசகத்தோடு கூடிய வேறு சின்னத்தைக் கொண்டுவந்தது. ஆகவே வாசகம் இல்லாத இந்தச் சின்னம் ஒரே ஒரு பருவம்தான் மார்பில் இருந்தது. என் சட்டையில் அதன் தையல் ஓரிடத்திலும் பிரியவில்லை. கோபுரத்தின் கூம்புக் கூரை விரல் நுனியில் தட்டுப்படும் அளவுக்குத் தெளிவாக இருக்கிறது.

ரசிகர்கள் வெறுத்த அந்தச் சின்னத்தை அணிந்துதான் இங்கிலாந்தின் முதல்நிலைப் போட்டியான பிரீமியர் லீகில் தன் வரலாற்றிலேயே அதிகமான 72 புள்ளிகளை எவர்ட்டன் எடுத்து ஐந்தாம் இடம் பிடித்தது. ஷேமஸ் கோல்மன் தன் வாழ்நாளின் சிறந்த ஆட்டத்தை ஆடியதும் அதே பருவத்தில்தான். ராபர்ட்டோ மார்டினஸ் பயிற்சியாளராக வந்த முதல் ஆண்டில், வலது பின்களத்தில் நின்று ஆடிய அவர் லீகில் ஆறு கோல்கள் அடித்தார். சக தொழில்முறை ஆட்டக்காரர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஆண்டின் சிறந்த அணியிலும் இடம்பெற்றார். 2014 மார்ச்சில் கார்டிஃப் அணிக்கெதிராக, ஆட்டத்தின் இறுதியில் சேர்க்கப்பட்ட நிமிடங்களில் அவர் உதைத்த பந்து காலில் சரியாகப் படாமலே வலைக்குள் போய் வெற்றியைத் தேடித் தந்தது. அழகான கோல் என்று அதை யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அந்த நிமிடத்தில் ஒரு பின்கள ஆட்டக்காரர் எதிரணியின் கோல் வாசலில் நின்றார் என்பதே என்னைப் பொறுத்தவரை அவருடைய ஆட்டத்தின் முழு விளக்கம்.

முதுகுப்புறம் வருகிறேன், ஏனெனில் என் குறையும் அங்கேதான். கடையின் விவரக் குறிப்பில் மிக நல்ல நிலை என்று இருந்தது. வந்த சட்டையிலோ 3 என்ற எண்ணின் கீழ் வளைவில் அரை அங்குல நீளத்துக்கு அச்சின் விளிம்பு துணியைவிட்டு எழும்பியிருந்தது; நகத்தால் தொட்டால் சிறு நாக்குபோல மடங்கியது. விற்பனைக்கு வைத்திருந்த படங்களில் அந்த மூலை மட்டும் மடிப்புக்குள் போயிருந்ததைப் பிறகுதான் கவனித்தேன். படம் எடுத்து அனுப்பியதும், மறுப்புப் பேசாமல் இரண்டு நாளில் 8 பவுண்டைத் திருப்பிக் கொடுத்தார்கள். அந்த நேர்மையைப் பாராட்டுகிறேன். என்றாலும் குறையை அவர்களே முன்கூட்டிச் சொல்லியிருந்தாலும் நான் வாங்கித்தான் இருப்பேன். பெயரின் எழுத்துகளும் 2 என்ற எண்ணும் உறுதியாக ஒட்டியிருக்கின்றன.

கோல்மன் எவர்ட்டனில் தொடக்கம் முதல் அணிந்த எண் 23. அயர்லாந்தின் டோனகல் மாவட்டத்தில் உள்ள கில்லிபெக்ஸ் என்ற மீன்பிடித் துறைமுகத்தில் 1988இல் பிறந்த அவர், சிறுவயதில் அயர்லாந்தின் மரபு ஆட்டமான கேலிக் கால்பந்தும் ஆடியவர். ஸ்லைகோ ரோவர்ஸ் அணியிலிருந்து 2009 ஜனவரியில் எவர்ட்டனின் அப்போதைய பயிற்சியாளர் டேவிட் மோயஸ் அவரை எடுத்தபோது கொடுத்த தொகை 60,000 பவுண்டு. பிரீமியர் லீக் கழகங்கள் கோடிகளைக் கொட்டிய காலத்தில் அது சில்லறை. அந்தத் தொகையையே பல்லவியாக்கி ரசிகர்கள் இன்றும் அவருக்காகப் பாடுகிறார்கள். தொடக்கம் எளிதாக இல்லை. முதல் ஆட்டம் 2009 அக்டோபரில் லிஸ்பனில், பென்ஃபிகாவிடம் 5-0 என்று தோற்ற இரவு. சில மாதங்களில் பிளாக்பூல் அணிக்குக் கடனாகப் போய், 2010 மே மாதம் வெம்ப்ளியில் கார்டிஃபை 3-2 என்று வென்று பிரீமியர் லீகுக்கு ஏறிய அணியில் ஆடினார். திரும்பி வந்தவரை மோயஸ் முதலில் வலது நடுக்களத்தில் முன்னால் ஓடவிட்டார். பின்களத்துக்கு இறங்கிய பிறகும் அந்த முன்னோக்கிய ஓட்டம் அவரைவிட்டுப் போகவில்லை.

2017 மார்ச் 24 அன்று டப்ளினில் வேல்ஸுக்கு எதிரான உலகக் கோப்பைத் தகுதி ஆட்டத்தில் அவருடைய வலது காலின் இரண்டு எலும்புகளும் முறிந்தன. அப்போது அவர் அயர்லாந்தின் கேப்டன். இருபத்தெட்டு வயதில், ஓட்டத்தையே முதலாக வைத்து ஆடும் ஒருவருக்கு அத்தகைய முறிவு எதைக் குறிக்கும் என்பது கால்பந்து பார்ப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். பத்து மாதங்கள் கழித்து, 2018 ஜனவரி 31 அன்று லெஸ்டர் அணிக்கெதிராக, எவர்ட்டனின் அப்போதைய சொந்த மைதானமான குடிசன் பார்க்கில் அவர் மறுபடி களமிறங்கி, முறிந்த அதே காலோடு பந்துக்காகத் தரையில் சறுக்கியதைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. 2019இல் கழகத்தின் கேப்டன் ஆனார். பின்னர் அணி கீழ்நிலைப் போட்டிக்குத் தரமிறக்கப்படும் விளிம்பில் நின்ற ஆண்டுகளில், 2023 பிப்ரவரியில் லீட்ஸுக்கு எதிராக, கோல் கோட்டுக்கு மிக அருகிலிருந்து, கோணமே இல்லாத இடத்தில் பந்தை உதைத்து ஆட்டத்தின் ஒரே கோலை அடித்தார். பிரீமியர் லீகில் எவர்ட்டனுக்காக அதிக ஆட்டங்கள் ஆடியவர் அவர்தான். 2025 மே மாதம் குடிசன் பார்க்கில் ஆடவர் அணி ஆடிய கடைசி ஆட்டத்திலும் அவரே அணியை வழிநடத்திக் களமிறங்கினார்; காயத்தால் முதல் பாதியிலேயே வெளியேற நேர்ந்தது.

ஆகவே கோல்மன் பெயரோடு ஒரு ஜெர்சி வேண்டுமென்றால், பதினைந்துக்கு மேற்பட்ட பருவங்களின் சட்டைகள் உங்கள் முன் இருக்கின்றன. எண் மாறாததால், முதுகை மட்டும் பார்த்து ஆண்டைச் சொல்ல முடியாது; சின்னத்தைப் பார்த்தே வாங்க வேண்டும். என் தேர்வு 2013-14தான். கேப்டனான பிறகு வந்த சட்டைகளைத் தேடுபவர்களைக் குறை சொல்ல மாட்டேன், ஆனால் அவர் ஓடிய ஓட்டத்தின் உச்சம் இந்தச் சட்டையில்தான் இருக்கிறது.

வாங்குபவர்களுக்கு இரண்டு செய்திகள். அந்தக் காலத்து வழக்கப்படி சட்டை உடலோடு ஒட்டிய வெட்டு. வழக்கமாக மீடியம் உடுத்தும் நான் லார்ஜ் எடுத்தேன், தோளில் சரியாக நிற்கிறது. பணம் கட்டும் முன் எண்களின் நான்கு மூலைகளையும் விரித்துவைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எழும்பிய விளிம்பின் மேல் மெல்லிய பருத்தித் துணியை விரித்து, குறைந்த சூட்டில் இஸ்திரிப் பெட்டியைச் சில நொடிகள் அழுத்தினேன், ஒட்டிக்கொண்டது. அதன்பிறகு உட்புறத்தை வெளியே திருப்பி, குளிர்ந்த நீரில் கையால் துவைத்து, நிழலில் உலர்த்துகிறேன். ஐந்தாம் துவைப்புக்குப் பிறகும் 3 அசையவில்லை.