பல்லுக்குப் போனேன், தூக்கத்தைப் பிடித்தார்கள்

டொராண்டோவில் இருக்கும் நம்மவர்கள் டிசம்பரில் ஊருக்கு வந்தால் செய்கிற வேலைகளில் பல் வைத்தியமும் ஒன்று. அங்கே கம்பெனி இன்ஷூரன்ஸ் முழுசாகத் தராது, மிச்சத்தைக் கையை விட்டுக் கட்டுவதற்குள் பல்வலியே மறந்துவிடும். எனக்குக் கீழ்க்கடைவாய்ப் பல் ஒன்று விரிசல் விட்டுக் கிடந்தது. சரி, இந்த முறை முடித்துவிடலாம் என்று வந்தேன்.

இப்போது ஏர்போர்ட்டில் மெட்ரோ ஏறினால் மாறாமல் கொள்ளாமல் தண்டையார்பேட்டையில் இறங்கலாம். 2021இல் விம்கோ நகர் வரை நீட்டியதிலிருந்து எங்கள் பக்கத்துக்கு வந்த பெரிய சௌகரியம் இது. பெட்டியோடு கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஆட்டோவில் ஊர்ந்த காலம் போச்சு.

அம்மா சொன்ன பல் கிளினிக் பழைய வண்ணாரப்பேட்டையில், எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது. டாக்டருக்கு முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். பல்லைப் பார்க்கும் முன் பி.பி. பார்த்தார். 150/95. "மாத்திரை போடறீங்களா சார்?" போடுகிறேன், ஆறு வருஷமாக. "போட்டுமா இவ்வளவு?" என்று கேட்டுவிட்டு வாயைத் திறக்கச் சொன்னார்.

அப்புறம்தான் வேடிக்கை. வலிக்கிற பல்லை விட்டுவிட்டு நாக்கை நீட்டச் சொன்னார். கண்ணாடியைக் கையில் கொடுத்து, "ஓரத்தைப் பாருங்க" என்றார். அம்மா தீபாவளிக்குச் சோமாசு ஓரத்தை விரலால் மடித்து அழுத்துவாரே, அப்படி நாக்கின் இரண்டு பக்கமும் வரிசையாகப் பல் தடம். கடைவாய்ப் பற்களின் மேல்பகுதி தேய்ந்து தட்டையாகியிருந்தது. ராத்திரி பல்லை நறநறவென்று கடிக்கிறேனாம், அந்தப் பல் விரிசல் விட்டதற்கும் அதுவே காரணமாக இருக்கலாமாம். 'ஆ' என்று சத்தம் போடாமல் வாயைத் திறந்தால் என் உள்நாக்கு கண்ணுக்கே தெரியவில்லை. தொண்டைக்குள் எவ்வளவு தெரிகிறது என்பதை வைத்து 1985இல் மல்லம்பட்டி என்ற மயக்க மருந்து மருத்துவர் மூன்று படிகளாக வகுத்து, பின்னால் வேறு மருத்துவர்கள் நான்காக்கிய வரிசையில் இது நான்காவது என்றார். பெயரைக் கேட்டதும் ஆந்திராவா என்றேன். "ஆமா சார், ஆனா அமெரிக்காவில இருந்தப்ப எழுதினது."

இதெல்லாம் சேர்ந்தால், தூக்கத்தில் மூச்சு அடிக்கடி நின்று நின்று வரும் ஸ்லீப் ஆப்னியாவாக இருக்குமோ என்று அவருக்குச் சந்தேகம். மேசை டிராயரிலிருந்து டெய்லர் டேப் ஒன்றை எடுத்துக் கழுத்தை அளந்தார். 42 சென்டிமீட்டர். 40ஐத் தாண்டினால் ஒரு மார்க்காம். சட்டை காலர் பதினாறரை வாங்கும்போது இது ஒரு நோய்க்கணக்கு என்று எந்தக் கடைக்காரன் சொன்னான்?

எட்டுக் கேள்விகள் உள்ள ஒரு தாள். குறட்டை, பகல் அசதி, தூக்கத்தில் மூச்சு நிற்பதை யாராவது பார்த்தது, ரத்த அழுத்தம், உடல் பருமன், ஐம்பதைத் தாண்டிய வயது, கழுத்துச் சுற்றளவு, ஆணா என்பது. மூன்று 'ஆமாம்' வந்தாலே கவனிக்கணும், ஐந்தோ அதற்கு மேலோ போனால் ஆபத்து அதிகம். ஸ்டாப்-பேங் என்று பெயர். வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தால், ஆபரேஷனுக்கு வருகிறவர்களுக்காக 2008இல் பிரான்சிஸ் சங் என்ற மருத்துவரின் குழு டொராண்டோவில் உருவாக்கியது! நான் பதினான்கு வருஷமாகக் குடியிருக்கும் ஊர். அங்கே ஒரு ஆள் என்னிடம் இதைக் கேட்டதில்லை. வண்ணாரப்பேட்டைக்கு வந்து பதில் எழுதுகிறேன்.

மூன்றாவது கேள்வியில் மாட்டிக்கொண்டேன். தூங்குகிறவனுக்கு எப்படித் தெரியும்? "வீட்ல கேளுங்க சார்" என்றார். அங்கே காலை எட்டு மணி. வாட்ஸப்பில் கூப்பிட்டேன். மனைவி சாதாரணமாகச் சொன்னாள்: "குறட்டை திடீர்னு நின்னுடும். நான் படுத்துக்கிட்டே எண்ணுவேன். பதினஞ்சு வரைக்கும் எண்ணியிருக்கேன். அப்புறம் ஒரு தூக்கு தூக்கிப் போட்டு மறுபடியும் ஆரம்பிக்கும். சொன்னேனே, நீங்கதான் சைனஸ்னீங்க." ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். டாக்டர் தாளைத் திருப்பி ஒரு டிக் போட்டார். மூச்சு பத்து விநாடி நின்றாலே கணக்கில் வருமாம். எனக்கு மொத்தம் ஆறு.

அவரிடம் எனக்குப் பிடித்தது, நோய் என்று அவர் சொல்லவில்லை. "சந்தேகப்படறது என் வேலை, உறுதி பண்றது நுரையீரல் டாக்டர் வேலை" என்று கடிதம் எழுதிக் கொடுத்தார். கீழ்த்தாடையை முன்னால் தள்ளி வைக்கும் வாய்க்கருவியைத் தன்னால் செய்ய முடியும், ஆனால் ரிப்போர்ட் வந்து அந்த டாக்டர் சொன்னால்தான் என்றார்.

அடுத்த கட்டம் இவ்வளவு அழகாக இல்லை. வீட்டிலேயே ராத்திரித் தூக்கத்தை அளக்கும் பரிசோதனை. மையத்தின் பெயர் வேண்டாம். ஒன்பது மணிக்கு வருவதாகச் சொன்ன பையன் பத்தரைக்கு பைக்கில் வந்தான். நெஞ்சில் பெல்ட், மூக்கில் குழாய், விரலில் கிளிப். எல்லாம் மாட்டிவிட்டு அவன் போன அரைமணியில் கிளிப் கழன்றுவிட்டது. மறுநாள், டேட்டா பத்தவில்லை, இன்னொரு தடவை முழுப் பணம் என்றார்கள். சண்டை போட்டுப் பாதிக்குக் கொண்டுவந்தேன். இரண்டாவது ராத்திரி கிளிப்பின் மேல் அம்மா பிளாஸ்திரி சுற்றினார், அது நின்றது.

மணிக்கு 22 தடவை மூச்சுத் தடை. பதினைந்திலிருந்து முப்பதுக்குள் என்றால் நடுத்தரம். ரிப்போர்ட்டை எந்த டாக்டரும் எனக்கு விளக்கும் முன்பே, ராத்திரி முகமூடி வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பும் மூச்சு மெஷின் விற்கிற ஒருவர் போன் பண்ணி இன்றைக்கு மட்டும் தள்ளுபடி என்றார். என் நம்பர் அவருக்கு எப்படிப் போனது என்று கேட்டதற்குப் பதில் இல்லை. டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் வசிப்பவர்கள் இங்கே அவசரப்பட்டு வாங்க வேண்டாம்: அங்கே பதிவு பெற்ற தூக்க மருத்துவர் எழுதித் தந்தால் மெஷின் விலையில் 75 சதவீதத்தை மாகாண அரசு தருகிறது. நுரையீரல் டாக்டரும் அதையே சொல்லி அனுப்பினார்.

பல்லுக்கு கேப் மாட்டும் அன்று அம்மாவும் கூட வந்தார். அப்பா திண்ணையில் பேப்பரை மடியில் வைத்தபடி உட்கார்ந்தே தூங்குவார், நல்ல தூக்கக்காரர் என்று பேர் எடுத்தவர், அதை அம்மா டாக்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். திடீரென்று, "எனக்கும் கழுத்த அளந்து பாரும்மா" என்றார். 35 வந்தது. டாக்டர் தாளை எடுத்தார்.

"தூக்கத்துல மூச்சு நிக்கறத யாராவது பாத்திருக்காங்களாம்மா?"

"யாரும்மா பாக்கறது? அவர் போனதுலேருந்து நான் தனியாத்தானே படுக்கறேன்."

அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். அன்று ராத்திரி என் பாயை அம்மாவின் அறைக்கு மாற்றிக்கொண்டேன்.